பயன் கருதாப் படிப்பு

உயிர் அறிவுடையதே, ஆயினும் தானே அறியும் இயல்பினதன்று, அறிவிக்க அறிவது. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைத் தன் நிறமாகக் காட்டுமாறு போல, உயிரும் தான் எதனைச் சார்ந்ததோ அதன் தன்மையாய் நிற்கும் என்பது சித்தாந்தத்தின் முதற்பாடங்களுள் ஒன்று. ஆதலின் ஒருவன் எதனோடு பொழுது கழிக்கின்றான் என்பது சிறு வினாவன்று. தொழிற்பொழுது ஊதியத்திற்கு விற்கப்பட்டது. உறக்கப்பொழுது உடம்பிற்கு உரியது. எஞ்சும் சிறு பொழுதொன்றே உயிர் தன் விருப்பத்தாற் சாரும் பொழுதாகும். அப்பொழுதில், தேர்விற்காகவன்று, ஊதிய உயர்விற்காகவன்று, இன்பத்திற்காகவே ஒரு நூலைக் கற்றல் தகுமா, இளமையில் இருந்து இடையில் இழந்த அவ்வழக்கத்தை நடுவயதில் மீட்டல் கூடுமா என்பன ஈண்டு ஆராயப்படும்.

இவ்வாராய்ச்சிக்கு ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதி தக்கதொரு நிலைக்களமாகும். கல்வெட்டுக்களிற் செவிடபாடி எனப் பெயர் பெற்ற ஓசூரில் மலைமேற் சந்திரசூடேசுவரர் கோயில் கொண்டு எழுந்தருளியிருக்கின்றார். இப்பகுதி நெடுங்காலம் சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 1965-ல் தருமபுரி மாவட்டத்துள் அடங்கிற்று. 2004-ல் கிருட்டிணகிரி தனி மாவட்டமாயிற்று. தமிழ்நாட்டரசின் சிப்காட் நிறுவனம் 1971-ல் தோன்றியபின் ஓசூரிற் பெருந்தொழிற்பேட்டைகள் எழுந்தன. வண்டிகளும், கைக்கடிகாரங்களும், எந்திர உறுப்புக்களும் அங்கே இரவும் பகலும் உருவாகின்றன. எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி. சிறிது தொலைவிற் பெங்களூர். தென்மாவட்டத்தாரும் வடநாட்டாரும் ஆங்குப் பிழைப்பு நாடி வந்து தங்கியுள்ளனர். ‘ஷிப்டு’ என வழங்கும் முறைவேலை ஒரு வாரம் பகலிலும் மறுவாரம் இரவிலும் மாறி வருதலின், தொழிலாளிக்கு வைகறையும் அந்தியும் தம் நிலையில் நில்லா. கைக்கடிகாரம் செய்யும் ஊரிலே காலம் தன்வயத்ததாக இல்லாதார் பலர்.

இத்தகையோர் கல்லாதவர் அல்லர். பள்ளியிலும், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முதலிய தொழிற்கூடங்களிலும் பயின்றே ஆலைக்குள் புகுந்தனர். அவ்வாறாயின் அவர்பால் நூல் எங்ஙனம் நீங்கிற்று? அவர் கற்ற காலத்திலேயே நூல் ஓர் ஏணியாகத் தரப்பட்டது. தேர்வு என்னும் மதில் ஏறியபின் ஏணியை எவர் சுமப்பர்? செய்யுளுக்கு மதிப்பெண், உரைநடைக்கு மதிப்பெண், மனப்பாடத்திற்கு மதிப்பெண் என்று அளந்து தரப்பட்ட கல்வியில், அளக்கப்படாத இன்பம் ஒன்று இருந்தது என்பதனை நினைவூட்டுவார் இலர். ஆயினும் பலர்க்கு இளமையில் அவ்வின்பம் வாய்த்ததுண்டு. பாட்டி சொன்ன கதையும், பொட்டலத் தாளில் எழுத்துக்கூட்டிப் படித்த துணுக்கும், விளக்கணைக்கும் வரை கீழே வையாத கதைப்புத்தகமும் அவர் உள்ளத்தின் அடியிற் கிடக்கின்றன. முப்பத்தைந்திலோ நாற்பதிலோ ஒருநாள் நூலொன்றை எடுக்கின்றனர். நான்கு பக்கத்திற் கண் சோர்கின்றது. உள்ளம் கைப்பேசியை நாடுகின்றது. தமக்கு அத்தகுதி போயிற்று என்று கருதி நூலை மூடிவிடுகின்றனர். இழந்தது நூலன்று, தம்முள் விருப்பத்தோடு ஒன்றைச் சாரும் ஆற்றலையே இழந்துவிட்டதாக அவர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் மெய்யாயின் இழப்புப் பெரிதே.

இனி இன்பத்திற்காகக் கற்றலை மறுப்பார் மூவர் உளர். இன்பங் கருதிப் படித்தல் பாசத்தை வளர்க்கும், ஞானநூல் ஓதுதலே செயற்பாலது என்பார் ஒருவர். பயன் தராத செயலிற் பொழுதைப் போக்குதல் குடும்பத்திற்குச் செய்யும் தீங்கு என்பார் ஒருவர். படிக்க விருப்பமுண்டு, பொழுதில்லை என்பார் ஒருவர். முறையே ஆராய்க.

முதல் மறுப்பே வலியுடையது. சைவர் வாயில் வருவதும் அதுவே. அதற்குச் சான்றாக அநபாய சோழன் வரலாற்றை எடுத்துக் காட்டுவர். அரசன் சீவக சிந்தாமணியைச் சுவைத்து மகிழ்ந்திருந்தான். அமைச்சராகிய சேக்கிழார் அது தகாதென உணர்த்தித் திருத்தொண்டர் வரலாற்றை அறிவித்தார். அதனாற் பெரிய புராணம் தோன்றிற்று என்பது உமாபதிசிவம் அருளியதாக வழங்கும் சேக்கிழார் புராணம் கூறும் செய்தி. இதனால் இன்பப் படிப்பு விலக்கப்பட்டது என்று கொள்வாரும் உளர். அற்றன்று. சேக்கிழார் அரசன் கையிலிருந்த காப்பியத்தை வாங்கிக்கொண்டு தருக்க நூலொன்றை ஈந்தாரல்லர். காப்பியத்தை நாடிய உள்ளத்திற்குக் காப்பியமே ஈந்தார். நாலாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களில் வேடரும், குயவரும், வண்ணாரும், வேதியரும், அரசரும் நடமாடும் பெருங்கதையை ஈந்தார். சுவையை நாடியது குற்றம் என்று அவர் கருதியிருப்பின் அத்துணைச் சுவையோடு பாடியிரார். அவர் மாற்றியது சுவைக்கும் ஆற்றலையன்று. அது சாரும் பொருளையே. சுவைக்கும் ஆற்றல் அரசன்பால் முன்னரே விழித்திருந்தமையாற்றான் திருத்தொண்டர் வரலாறு அவனுள்ளத்திற் புகுந்தது. யாதொரு நூலிலும் இன்பங் காணாத அரசனாயின், சேக்கிழாரின் பாட்டும் அவனுக்கு மற்றோர் அலுவற் கடிதமாகவே தோன்றியிருக்கும்.

மற்றொன்றும் கருதற்பாலது. அச்சிந்தாமணிக்கே உரை வகுத்த நச்சினார்க்கினியர் சைவர். சமண் காப்பியம் என்று அவர் அதனை ஒதுக்கவில்லை. எனவே இன்பப் படிப்பனைத்தும் ஒருதன்மையது என்று கொள்ளாமலும், அனைத்தும் தீது என்று தள்ளாமலும் பகுத்துணர்தலே மரபு எனல் வேண்டும். பகுத்தற்கு அளவு யாதெனின், நூலை மூடியபின் உள்ளம் நிற்கும் நிலையே அளவாம். மூடியபின் மனைவியின் சொல்லும் மக்களின் அழுகையும் இடையூறாகத் தோன்றுமாயின் அந்நூல் உயிரைச் சுருக்கிற்று. அவரை முன்னினும் தெளிவாகக் காணுமாறு செய்யுமாயின் அந்நூல் உயிரை விரித்தது. பிறன் ஒருவன் துன்பத்தைத் தன் துன்பமாக ஒரு நாழிகை உணர்ந்தவன், அந்நாழிகையில் ‘யான்’ என்னும் முனைப்பிற் சிறிது நெகிழ்ந்தவனாவான். அந்நெகிழ்ச்சி ஞானமன்று, ஞானம் புகுதற்குரிய வாயில் என்க.

இரண்டாவது மறுப்பிற்கு விடையாவது, அதே சிந்தாமணியைப் பற்றிய மற்றொரு வரலாறு. சேலம் இராமசாமி முதலியார் என்பார் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்தார். வழக்குக் கட்டுக்களிடையே நாள்கழிக்கும் அலுவல் அவருடையது. திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்திருந்த உ. வே. சாமிநாதையர், 1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அவரைக் காணச் சென்றார். தாம் பயின்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் ஐயர் அடுக்கிக் கூற, முதலியார் அவற்றில் மனங்கொள்ளாது, இவற்றிற்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டோ என வினவினார். அக்காலத்தே சிந்தாமணியில் நாமகளிலம்பகம் ஒன்றே, பவர் என்னும் பாதிரியாரால் 1868-ல், அச்சாகியிருந்தது. முதலியார் தம்பாலிருந்த கையெழுத்துப் பிரதியை ஐயர்க்கு ஈந்து, அந்நூலைத் தமக்குப் பாடஞ் சொல்லுமாறு வேண்டினார்.

முதலியார் எழுதவேண்டிய தேர்வு ஒன்றும் இல்லை. அந்நூலாற் பதவி உயரப் போவதும் இல்லை. அலுவல் முடிந்த மாலையில், தமிழின் பழஞ்சுவையை அறியவேண்டும் என்னும் அவாவே அவரை உந்திற்று. அவ்வவாவினின்று எழுந்தவை யாவை? 1887-ல் சிந்தாமணி முழுவதும் அச்சேறிற்று. 1889-ல் பத்துப்பாட்டும், 1892-ல் சிலப்பதிகாரமும், 1894-ல் புறநானூறும் ஐயர் பதிப்பாக வெளிவந்தன. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியும், அவனுக்கு நட்பினராகிய ஔவையும் புறநானூற்றின் வாயிலாக மீண்டும் மக்களிடையே உலவினர். தகடூராவது இன்றைத் தருமபுரி. 1981-ல் சம்பைக் கல்வெட்டில் அவ்வதியன் பெயர் கண்டறியப்பட்டபொழுது, அவன் யாவன் என்று தமிழர் திகைத்திலர். முன்னரே நூலிற் கண்டிருந்தனர். இன்று கிருட்டிணகிரி நாட்டில் வயலோரத்தும் வழியோரத்தும் நிற்கும் நடுகற்கள், அந்நூலைப் படித்தவனுக்குக் கல்லல்ல. பெயரும் பீடும் உடைய மறவர். படியாதவனுக்கு அவை வண்டி திருப்பும் இடத்து அடையாளம். இரண்டு காட்சிக்கும் இடையே உள்ளது ஒரு முன்சீபின் மாலைப்பொழுது.

ஆயின் இதனை வைத்து, பயன் கருதாப் படிப்புப் பெரும்பயன் தருமாதலின் அதனைச் செய்க எனல் பொருந்தாது. அது மீண்டும் பயன் கருதியதாகவே முடியும். முதலியார் பயன் கருதியிருப்பின் அச்சிட்ட நாமகளிலம்பகத்தோடு நின்றிருப்பார். அளவிட்ட பாடத்தைக் கடந்து சென்றது விருப்பமே. விருப்பம் வேண்டாததைத் தேடும். தேடியபின்னரே அது வேண்டியது எனத் தெரியவரும். வழிபாட்டிலும் இதுவே முறை. வேண்டுதல் நிறைவேறும்பொருட்டுக் கோயிலுக்குச் செல்வான் நிறைவேறியபின் நின்றுவிடுவான். அன்பினாற் செல்வான் நில்லான். நூல்பால் அன்புடையானும் அத்தகையனே. எல்லாச் செயலையும் ஊதியத்தால் அளக்கும் ஊரில், அளவிற்கு அடங்காத செயலொன்றை ஒருவன் வைத்திருத்தல் சோம்பலன்று. அவன் கருவியல்லன், உயிர் என்பதற்குச் சான்று.

மூன்றாவது, பொழுதின்மை. இதற்கு அலுவல் மிக்க பெரியோரைக் காட்டி, அவரால் இயன்றது உன்னால் இயலாதோ என இடித்துரைப்பது வழக்கம். சேக்கிழார் அமைச்சர், முதலியார் முன்சீபு, 1895-ல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்திற் பெயர்த்து, 1897-ல் சித்தாந்த தீபிகையைத் தொடங்கிய சே. எம். நல்லசாமிப் பிள்ளையும் முன்சீபே. இவை உண்மை. ஆயினும் இடித்துரை முழுதும் நேரிதன்று. இரவுமுறை முடித்து வைகறையில் வீடு திரும்புவான் நிலை வேறு. ஆலையிலிருந்து வந்ததும் அடுப்பின்முன் நிற்கும் பெண்ணின் நிலை அதனினும் வேறு. அமைச்சர்க்கும் முன்சீபுக்கும் சோறு சமைத்தார் பிறர். அவர் மாலைப்பொழுது பிறர் உழைப்பால் அமைந்தது. இதனை மறைத்து உழைப்பாளியை மடியன் எனப் பழித்தல் அறமாகாது. வீட்டில் ஒருத்தி படிக்கும் பொழுதைப் பெறும்படி ஏனம் கழுவும் வேலையை மற்றொருவன் ஏற்பானாயின், அவன் செய்தது சிறு பணியாயினும் கல்வித்தொண்டே.

நூலைத் தேடி வர இயலாதவனிடம் நூல் செல்லுதல் வேண்டும் என்பதனை உணர்ந்தோரும் இருந்தனர். ஞானசம்பந்தர் அவதரித்த சீகாழியில் 1892-ல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் நான்காவது, படிப்பவனது காலத்தை மிச்சப்படுத்துக என்னும் கருத்தினது. அவ்வாண்டே மன்னார்குடிப் பகுதியில், கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்தோறும் அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார். உழுது களைத்தவன் வீட்டுவாயிலில் நூல் வந்து நின்றது. 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. இன்று மாட்டுவண்டி வேண்டா. ஆலைப் பேருந்து நாள்தோறும் ஓடுகின்றது. அதில் அமர்ந்து செல்லும் பொழுது ஒருவனுக்கு உரிய பொழுதே. அதனைக் கைப்பேசி உண்பதும் நூல் உண்பதும் அவன் தேர்வு.

பெருநூலையும் சிறு பகுதியாகப் பெறலாம் என்பதற்கு ஓசூருக்கு அண்மையதாகிய தொரப்பள்ளியிற் பிறந்த இராசகோபாலாசாரியாரே சான்று. 1954-ல் முதலமைச்சர் பதவியை விட்டு நீங்கிய அவர், அவ்வாண்டே கல்கி வார இதழில் இராமகதையை எழுதத் தொடங்கி, 1955 வரை வாரந்தோறும் எழுதினார். சக்கரவர்த்தித் திருமகன் என்னும் அந்நூல் 1958-ல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. ஒரே மூச்சில் அதனைப் படிக்க ஓய்வில்லாத குடும்பங்கள், வாரம் ஓர் அத்தியாயமாகக் கதை முழுவதையும் படித்து முடித்தன. நாட்பொழுதிற் கால் நாழிகையும் வறிதன்று.

இனி மீட்கும் முறை. இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்றனுள், நடுவயதினன்பால் அறிதலும் செய்தலும் குறைவின்றி உள. நூலின்பால் இச்சையே உறங்குகின்றது. உறங்கும் இச்சையைக் கட்டளையால் எழுப்ப முயல்வது பிழை. நாள்தோறும் இத்துணைப் பக்கம், ஆண்டில் இத்துணை நூல் எனக் கணக்கிடுவார் உளர். அஃது ஆலையின் உற்பத்தி இலக்கை வீட்டிற்குள் கொண்டு வருதலாகும். இலக்குத் தவறிய அன்றே வெறுப்புத் தோன்றும். இளமையில் எந்நூல் இனித்ததோ அதனையே மீண்டும் எடுத்தல் நன்று. சிறுவர் கதையாயினும் நாணவேண்டா. இனிக்காத நூலைப் பாதியில் விடுதல் குற்றமன்று. அந்நூல் மற்றொருவனுக்கு உரியது, அல்லது தனக்கே மற்றொரு காலத்திற்கு உரியது. களைத்த இரவிற்குச் சிறு கதையும், விடுமுறை நாளுக்குப் பெருநூலும் எனத் தகுதி நோக்கி அமைத்தல் வேண்டும். ஓதுவார்போல் வாய்விட்டுப் படித்தலும் உதவும். கண் சோர்ந்தவிடத்துச் செவி தாங்கும். வள்ளுவர் கல்வி, கல்லாமை என்பவற்றை அடுத்துக் கேள்வியை வைத்தமையும் நோக்குக. ஒருவர் படிக்க மற்றவர் கேட்பின், ஒரு நூலால் ஒரு வீடு முழுதும் நிறையும்.

துணை வேண்டும் என்பது மறக்கற்பாலதன்று. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. ஆயினும் கதிரவன் ஒளி காட்டவேண்டும். உயிரும் உடன்நின்று கண்டாலன்றிக் கண் காணாது. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இறைவன் உயிர்க்குச் செய்யும் பேருதவி இரண்டென்பர். நூலின்பத்திலும் இதன் சிறு நிழல் உண்டு. முதலியார் வினவியிராவிடின் ஐயர் சிந்தாமணியை நாடியிரார். ஐயர் விரித்துரைத்திராவிடின் முதலியார் அதன் சுவையை முற்றக் கண்டிரார். ஒருவர் காட்டினார், இருவரும் உடன் கண்டனர். ஆலையில் அருகிருந்து பணிபுரிவான் ஒருவனிடம், இந்நூலைப் படித்ததுண்டோ என்று வினவுதல் எளிய செயல். அவ்வினா எவன் உள்ளத்தே எதனை எழுப்பும் என அறிவார் யார்?

ஓசூர்த் தெருக்களில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கின்றன. தமிழ்ப் பள்ளியிற் பயின்றவன் வீட்டில் வேறு மொழி பேசுவதுண்டு. எம்மொழியிற் படிப்பது என மயங்குவதும் உண்டு. நூலின்பத்திற்கு எல்லைச்சாவடி இல்லை. கண்ணப்பர் கதையைச் சேக்கிழார் தமிழிற் பாடினார்; அரிகரன் அறுபத்து மூவரைக் கன்னட ரகளைகளிற் பாடினான்; பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பால்குரிகி சோமநாதன் தெலுங்குப் பசவபுராணத்தில் தமிழ்நாட்டு அடியாரையும் போற்றினான்; அதனைப் பீமகவி 1369-ல் கன்னடமாக்கினான். ஒரே அடியார் மும்மொழியிலும் உலவுகின்றார். தாய்மொழியில் ஒன்றும் பயின்ற மொழியில் ஒன்றுமாக அக்கதையைப் படிப்பவன், இரட்டை இன்பம் எய்துவான்.

ஞானநூலை ஓதல், ஓதுவித்தல், கேட்டல், கேட்பித்தல், சிந்தித்தல் என்னும் ஐந்தும் ஞானபூசை எனச் சிவஞான சித்தியார் வகுக்கும். இன்பங் கருதிக் கதை படிப்பது ஞானபூசையாகாது; அவ்வாறு கூறுவது மிகை. ஆயினும் ஞானநூலை விரித்தும் அதில் ஒட்டாது கண்ணை மட்டும் செலுத்துவார் பலர். என்னை? ஒன்றில் விருப்பத்தோடு தங்கும் பழக்கம் அவர்பால் அழிந்துவிட்டது. எச்சிறு நூலிலேனும் அப்பழக்கத்தை மீட்டவன், திருமுறை ஏட்டை விரிக்கும் நாளில் வெறுங்கையனாகச் செல்லான். மீளாதவனோ, ஓய்வு பெற்றபின் ஓதலாம் என எண்ணி, ஓய்வு வந்தபொழுது சுவைக்கும் நா இன்றி நிற்பான். ஓய்வு பின்னர் வரும். சுவை தானே வாராது. ஆதலின் முதுமைக்கென நூலைச் சேர்த்து வைப்பதினும், இன்று மாலை ஒரு பக்கத்தை விரும்பிப் படித்தல் மேலாம். அவ்விருப்பம் உழைக்கும் மக்கள் பலர்க்கும் கைகூடத் திருவருள் முன்னிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.